ஒரு இலைகூட வெளியே போகாது!

மேகாலயா போறேன்னு சொன்னா நம்ம ஊர்ல ரெண்டே ரெண்டு ரியாக்‌ஷன்தான். ஒண்ணு, ‘அது அசாம்லதானே இருக்கு?’ (இல்லீங்க, 1972-லேயே தனி மாநிலமாகிடுச்சு!). இன்னொண்ணு, ‘சிரபுஞ்சியா? குடை எடுத்துக்கோ!’. என்கூட வந்த நண்பனின் அம்மா மட்டும் மூணாவது ரகம். நாங்க ‘காஸி மலை’ன்னு சொன்னது அவங்க காதில் ‘காசி’ன்னு விழுந்துடுச்சு. முகமெல்லாம் பூரிப்பு. “கங்கையில என் பேரைச் சொல்லி ஒரு முங்கு முங்கிடு. அப்படியே நல்ல ருத்ராட்சமா ஒண்ணு பார்த்து எடுத்துட்டு வா”ன்னு விபூதி பூசி அனுப்பி வெச்சாங்க. அந்த ருத்ராட்சத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி வருது.

நாங்கள் போனது ஒரு காட்டைப் பார்க்க. பெயர் மவ்ஃப்ளாங். ஷில்லாங்கிலிருந்து 25 கிலோமீட்டர். காடுன்னதும் முதுமலை மாதிரி கற்பனை பண்ணாதீங்க. மொத்தமே 78 ஹெக்டேர்தான். நம்ம கணக்கில் 190 ஏக்கர் சொச்சம். யானை சவாரி இல்லை, சஃபாரி ஜீப் இல்லை, ‘புலி வரும்... ஆனா வராது’ டென்ஷனும் இல்லை. இருப்பது ஒரே ஒரு சட்டம். உள்ளே இருக்கும் எதையும் வெளியே எடுத்துப் போகக்கூடாது. மரம், பழம், பூ, கல், காய்ந்து விழுந்த குச்சி, ஒரு இலை... எதுவும்! முள்வேலியோ, துப்பாக்கி பிடித்த காவலரோ நாங்கள் பார்த்த வரை இல்லை. ஊர்க்காரர்கள் கணக்கில் இந்தச் சட்டத்துக்கு வயசு 800 வருஷத்துக்கு மேல்.

சென்னையிலிருந்து குவஹாத்திக்கு ரயிலில் ரெண்டு ராத்திரி. முதுகு கழன்றுவிடும். அங்கிருந்து ஷேர் சுமோவில் 100 கிலோமீட்டர் மேலே ஏறினால் ஷில்லாங். பிப்ரவரி கடைசி என்பதால் குளிர் போகலாமா, வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தது. ஊரின் பெரிய சந்தைக்கு ஐயூடு என்று பெயர். உள்ளே நுழைந்தால் முழுக்கப் பெண்கள் ராஜ்ஜியம். தோளில் கட்டம்போட்ட துணியை முடிச்சுப் போட்டுக்கொண்டு மீன், மிளகாய், மூங்கில் குருத்து, கறி என்று எல்லாவற்றையும் பெண்களே விற்கிறார்கள். காஸிகளுடையது தாய்வழிச் சமூகம். பிள்ளைக்கு அம்மாவின் குலப்பெயர்தான். மூதாதையர் வீடு கடைக்குட்டிப் பெண்ணுக்கு. வீட்டுக்கு மூத்த பையனான நம்ம நண்பன் இதைக் கேட்டதிலிருந்து கொஞ்சம் டல்லாகத்தான் இருந்தான்.

இங்கே அக்காவுக்கு ‘கொங்’. அண்ணனுக்கு ‘பா’. டிரைவரில் ஆரம்பித்து போலீஸ்காரர் வரைக்கும் எல்லோரும் ‘பா’தான். ‘என்னப்பா, வாப்பா’ன்னே வளர்ந்த நமக்கு முதல் நாளிலேயே ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் நீட்டுவது ‘க்வாய்’. நம்ம தாம்பூலமேதான். வெற்றிலை, சுண்ணாம்பு, ஊறவைத்த பச்சைப் பாக்கு. ஆனால், போட்ட ரெண்டாவது நிமிஷம் காது சூடாகி நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்கும். குளிருக்கு ஸ்வெட்டரே வேண்டாம். ஒருவர் இறந்துவிட்டால் ‘கடவுள் வீட்டில் க்வாய் சாப்பிடுகிறார்’ என்பார்களாம் காஸிகள். அவங்க சொர்க்கத்திலும் முதலில் தாம்பூலம்தான்!

ஷில்லாங்கிலிருந்து மவ்ஃப்ளாங் போகும் வழியில் ஒன்றைக் கவனித்தோம். மலைகள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் மொட்டை. வெயிலில் மஞ்சளாகிப்போன புல், இடையிடையே உருளைக்கிழங்குப் பாத்திகள், கொஞ்சம் பைன் மரங்கள். ‘மவ்’ என்றால் கல், ‘ஃப்ளாங்’ என்றால் புல். ஊர்ப் பெயரே கல்லும் புல்லும்தான். சுமோவிலிருந்து இறங்கி வெட்டவெளியில் நடந்தால், புல்வெளி முடிகிற இடத்தில் யாரோ கோடு கிழித்த மாதிரி சட்டென்று ஒரு கறுப்புப் பச்சைச் சுவர். அதுதான் காடு. ‘இவ்வளவுதானா?’ன்னு நண்பன் கேட்டான். எனக்குத் தோன்றியது வேறு. இந்த மொட்டை மலைகளில் எத்தனை ஒரு காலத்தில் இப்படி இருந்திருக்கும்?

ஊர்ப் பையன்கள்தான் கைடு. அவர்கள் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. எங்களுக்கு வாய்த்தவர் ஷில்லாங் கல்லூரி ஒன்றில் செகண்ட் இயர் படிப்பவர். லீவு நாளில் கைடு. கழுத்தில் சின்னச் சிலுவை, காலில் ஃபுட்பால் ஷூ. இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசினார். நாங்கள் பேசிய இந்தியின் லட்சணத்துக்கு அவர் இங்கிலீஷுக்கு மாறியதில் ஆச்சர்யமில்லை!

நுழைவதற்கு முன்னாலேயே கற்கள். செங்குத்தாக நிற்பவை ஆண் கற்கள், முன்னால் மேஜை மாதிரி படுத்திருப்பவை பெண் கற்கள். முன்னோர்களின் நினைவாக நட்டவை. நம்ம ஊர் நடுகல் ஞாபகம் வராமல் இருக்காது. காட்டுக்குள்ளும் இப்படிக் கற்கள் மட்டும்தான். கோயில் இல்லை, கோபுரம் இல்லை, சிலை இல்லை, உண்டியலும் இல்லை. காஸிகளின் பழைய சமயத்தில் கடவுளுக்கு உருவம் செய்து வைக்கும் வழக்கமே கிடையாது.

உள்ளே காலெடுத்து வைத்ததும் முதலில் மாறுவது வெளிச்சம். அப்புறம் சத்தம். வெளியே ஊய் ஊய்ன்னு அடித்துக்கொண்டிருந்த காற்று, யாரோ கதவைச் சாத்திய மாதிரி நின்றுவிட்டது. காலுக்கடியில் தரை என்று ஒன்று இல்லை. மெத்தை! தலைமுறை தலைமுறையாக விழுந்த இலை அங்கேயே மக்கி, அதன் மேல் இலை விழுந்து, அதுவும் மக்கி... கைடு ஒரு இடத்தில் குனிந்து உள்ளங்கையை வைத்து அமுக்கிக் காட்டினார். மழை பெய்து பல வாரம் ஆகியிருந்தது. அப்போதும் கை ஈரமானது. மழைநீரை இந்த ஸ்பாஞ்ச்தான் பிடித்து வைத்துக்கொண்டு, கீழே இருக்கும் ஊற்றுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. கைநிறைய எடுத்த இலைமக்கை அவர் எடுத்த இடத்திலேயே போட்டு, கையைத் தட்டி, நகத்தில் ஒட்டியிருந்ததையும் உதறினார். ஷோ காட்டுகிற மாதிரி தெரியவில்லை. நாம் கோயிலில் செருப்பைக் கழற்றுவது போலப் பழக்கத்தில் நடக்கிற காரியம்.

மரங்களின் உடம்பெல்லாம் பாசி. பாசியின் மேல் பெரணி. பெரணிக்குப் பக்கத்தில் ஆர்க்கிட். உச்சியில் எங்கோ ரோடோடென்ட்ரான் சிவப்பாகப் பூத்திருந்தது, உதிர்ந்த பூக்களை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். வெளியே இருக்கும் பைன் இங்கே கண்ணில் படவில்லை, எல்லாம் அகன்ற இலை மரங்கள். ரொம்ப நேரம் நாங்கள் நின்று பார்த்தது ஒரு செத்த மரத்தை! ரெண்டு பேர் கை கோத்தாலும் பிடிபடாத பருமன். எப்போதோ விழுந்திருக்கிறது. அதன் முதுகு முழுக்க விதவிதமான காளான், நடுவே வரிசையாக முளைத்த கன்றுகள். வெளியே ஊரில் இது நாலு மாச விறகு. உள்ளே இது ஒரு நர்சரி.

ருத்ராட்சம் இப்போதுதான் வருகிறது. மவ்ஃப்ளாங் காட்டில் ருத்ராட்ச மரங்கள் உண்டு. கைடு ஒரு மரத்தைக் காட்டினார். அடியில் கொட்டை கொட்டையாகக் கிடந்தது. நண்பன் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் அம்மா தெரிந்தார். ஒன்றை எடுத்துத் துடைத்து, முகம் எண்ணினான். பேன்ட் பாக்கெட் பக்கம் கை போனது.

“பா...” என்றார் கைடு. கோபமே இல்லாத குரல்.

“கீழே கிடந்ததுதான். அம்மாவுக்கு. சாமிக்கு.”

“புரியுது. ஐயூடுல கிடைக்குதான்னு பாருங்க. இது இங்கேயே இருக்கட்டும்.”

நண்பன் விடவில்லை. “எங்களுக்கும் இது புனிதம்தான். சாமி கும்பிடத்தானே எடுத்துட்டுப் போறோம்!”

கைடு சிரித்தார். “எங்களுக்கும் புனிதம். அதான் எடுக்கலை.”

அவ்வளவுதான் விவாதம். கொட்டை கீழே போனது. நம்மைப் பொறுத்தவரை புனிதம்னா வீட்டுக்கு எடுத்துவர வேண்டிய பொருள். தீர்த்தம், பிரசாதம், விபூதி, சொம்பில் அடைத்த கங்கை... அங்கே புனிதம் என்பது தொடாமல் விட்டுவிட்டு வருவது. ரெண்டும் பக்திதான். ஆனால் ஆயிரம் பேர் எடுத்துவந்தால் ஒரு மரத்தடியில் என்ன மிஞ்சும்னு கணக்குப் போட, கால்குலேட்டர் தேவையில்லை.

இந்தக் காட்டுக்குக் காவல் தெய்வம் லபாசா. மனம் குளிர்ந்தால் சிறுத்தையாக வருமாம், கோபம் வந்தால் பாம்பாக. முற்காலத்தில் காளையோ சேவலோ பலி கொடுக்க உள்ளே போகும் கூட்டம், வழியில் பாம்பைப் பார்த்தால் சடங்கை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பிவிடுமாம். கைடுகள் எல்லோரும் சொல்லும் இன்னொரு கதை, ராணுவ லாரி கதை. 1970-களில் ராணுவத்தினர் காய்ந்த மரங்களை லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். லாரி ஸ்டார்ட் ஆகவே இல்லை. மரத்தை இறக்கியதும் உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது! நாங்கள் நின்ற இடத்திலேயே, பின்னால் வந்த இன்னொரு குழுவுக்கு இதே கதை இன்னும் கொஞ்சம் மசாலாவோடு போய்க்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் எனக்கு அரித்துக்கொண்டே இருந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். “நீங்க சர்ச்சுக்குப் போறவர். லபாசாவை நம்பறீங்களா?”

விஷயம் இதுதான். மேகாலயாவில் நாலில் மூணு பேர் கிறிஸ்தவர்கள். 1841-ல் வேல்ஸ் நாட்டிலிருந்து தாமஸ் ஜோன்ஸ் என்ற மிஷனரி வந்து இறங்கினார். காஸி மொழிக்கு இன்றிருக்கும் ரோமன் எழுத்து முறையைக் கொடுத்தவர் அவர்தான். பழைய சமயம் கரைந்துகொண்டே போவதைப் பார்த்து 1899-ல் ஷில்லாங்கில் 16 இளைஞர்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் ‘செங் காஸி’ அமைப்பு. இன்றும் இயங்குகிறது. நம்ம வயசுப் பசங்க, வெறும் பதினாறு பேர்! ஆனால் மவ்ஃப்ளாங் காட்டைச் சுற்றி இருப்பவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை பைபிளோடு கிளம்புகிறவர்கள். பலி நின்று ரொம்ப காலம் ஆச்சு என்றார் கைடு. அப்படியானால் காடு எப்படி நிற்கிறது?

அவர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். அப்புறம் சொன்னார்: “நான் லபாசாவைக் கும்பிடறதில்லை. ஆனா எடுக்க மாட்டேன். எங்க பாட்டி எடுக்கலை. அவங்க பாட்டியும் எடுக்கலை. நான் எடுத்தா, எங்க குடும்பத்துல எடுத்த முதல் ஆள் நான்தான். ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.”

கடைசி வாக்கியத்தைக் கவனிச்சீங்களா? பழங்குடிகள்னாலே ‘இயற்கையோடு இயைந்த வாழ்வு’ன்னு காலண்டர் வாசகம் எழுதிவிடுவோம். இங்கே காட்டைக் காப்பாற்றுவது அந்த வாசகம் இல்லை. ஒரு தடை, அதை மீறினால் முகம் கொடுத்துப் பேச முடியாத ஒரு ஊர். காஸி மொழியில் ‘லா’ என்றால் காடு, ‘அடோங்’ என்றால் தடை. ‘லா அடோங்’னா எடுக்கக்கூடாத காடு. ‘லா லிங்டோ’னா பூசாரிக் குலத்தின் பொறுப்பில் இருக்கும் காடு, அதாவது மவ்ஃப்ளாங் ரகம். இவை வாய்வழிப் பழக்கமாக மட்டும் இல்லை. 1958-ல் காஸி-ஜெயந்தியா மலைகளின் மாவட்டக் கவுன்சில் போட்ட வனச் சட்டத்திலேயே இந்தப் பெயர்களோடு இருக்கின்றன. அரசியல் சாசனத்தின் ஆறாவது அட்டவணை இந்த மலைகளுக்குத் தந்த உரிமை அது. மேகாலயாவில் பெரும்பகுதிக் காடு அரசாங்கத்தினுடையது இல்லை. ஊர், குலம், தனியார் கையில் இருக்கிறது.

ஆனால், தடையின் சுமையை யார் தூக்குகிறார்கள்?

காட்டுக்கு வெளியே ஒரு டீக்கடை. கொங் ஒருவர் நடத்துகிறார். ‘ஷா சாவ்’ என்ற சிவப்பு டீயும் ‘புதாரோ’வும் கிடைத்தது. புதாரோவை அரிசி மாவில் ஆவியில் வேகவைக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் நம்ம ஆப்பத்தின் ஒன்றுவிட்ட தங்கச்சி. கடை மூலையில் சாய்த்து வைத்திருந்தது ‘கோ’. கூம்பு மாதிரி மூங்கில் கூடை. பட்டையை நெற்றியில் மாட்டி முதுகில் சுமப்பது. அதில் விறகு. எங்கிருந்து எடுத்துவந்தது என்று கைடு மூலம் கேட்டோம். கையை நீட்டிக் காட்டினார். நாங்கள் வந்த காட்டுக்கு நேர் எதிர்த்திசை. இறங்கி ஏறி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். சில நாள் காசு கொடுத்தும் வாங்குகிறார். மழைக்காலத்துக்கு என்று கேஸ் சிலிண்டர் ஒன்று வைத்திருக்கிறார், பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறார்.

“கடைக்கு எதிர்லயே இவ்வளவு காய்ஞ்ச மரம் கிடக்குதே கொங்... ஒருநாள்கூடத் தோணலையா?”

கைடு மொழிபெயர்க்கத் தயங்கினார். அப்புறம் கேட்டார். கொங் எங்களை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்கிறதே, எடுத்துப் போட்டுக்கொள்ளத் தோணலையா என்று கேட்டவர்களைப் பார்க்கும் பார்வை. அடுத்த டீயை ஊற்றிவிட்டு ரெண்டு வார்த்தை சொன்னார். “அது விறகு இல்லை”ன்னு சொல்றாங்க என்றார் கைடு.

சுற்றுச்சூழல் தினத்துக்குக் கல்லூரியில் மரக்கன்று நட்டு போட்டோ எடுத்துக்கொள்கிற நமக்கு, இந்த ஒரு மணி நேர நடையின் கணக்கு தெரியாது. இந்தக் காட்டின் நிழலையும் நீரையும் அனுபவிப்பவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். ஷில்லாங்குக்குக் குடிநீர் தரும் அணைகூட மவ்ஃப்ளாங்கில்தான், உமியூ ஆற்றின் குறுக்கே இருக்கிறது. ஆனால் தடைக்குக் கட்டுப்பட்டு நெற்றியில் பட்டையை மாட்டி நடப்பது கொங்தான்.

காஸிகளிடம் ஒரு மரக்கதை இருக்கிறது. ஷில்லாங்குக்கு மேற்கே டியெங்ஐயெய் என்று ஒரு சிகரம். அங்கே ஒரு காலத்தில் ஒரு பிரமாண்ட மரம் வளர்ந்து, உலகம் முழுக்க நிழல் பரவி, பயிர் விளையாமல் போனதாம். ஜனங்கள் கோடாரியோடு கிளம்பினார்கள். பகலெல்லாம் வெட்டுவார்கள். காலையில் வந்து பார்த்தால் வெட்டுக்காயமே இருக்காது! எப்படி? ஃப்ரெயித் என்ற குட்டிப் பறவை வந்து பேரம் பேசியது. ‘உங்க தானியத்துல எனக்குப் பங்கு தர்றதா இருந்தா ரகசியம் சொல்றேன்.’ சரி என்றார்கள். ‘ராத்திரி ஒரு புலி வந்து மரத்தின் காயத்தை நக்குது. அதான் ஆறிடுது. கோடாரியை எடுத்துட்டுப் போகாம, கூர் வெளியே தெரியற மாதிரி வெட்டுல செருகி வெச்சுட்டுப் போங்க.’ புலியின் நாக்கு அறுந்தது. மரம் விழுந்தது. வெளிச்சம் வந்தது, வயல் விளைந்தது. அந்தச் சிகரத்தின் உச்சியில் இருக்கும் பள்ளம், மரத்தின் வேர் இருந்த குழியாம்.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்ததற்குக் காரணம், இதில் ஜனங்கள் புண்ணியவான்களாக வரவில்லை. மரத்தை வெட்டினால்தான் சோறு. ஆனால் மரத்தின் பக்கம் நிற்கவும் ஒரு ஆள் இருக்கிறது, அதுவும் புலி! வெட்டும் தேவைக்கும் ஆற்றும் நாக்குக்கும் நடுவில்தான் வாழ்க்கை என்று தெரிந்தவர்கள் சொன்ன கதை இது.

அதனால்தான் ‘காஸிகள் எல்லோரும் காட்டைக் கும்பிடுகிறவர்கள், மேகாலயா முழுக்க சொர்க்கம்’ என்று எழுதிவிட்டுப் போக மனசு வரவில்லை. மேகாலயாவின் புனிதக் காடுகளை 1990-களில் ஆய்வாளர்கள் பட்டியல் போட்டபோது 79 தேறியது. அவற்றில் துளிகூடச் சிதையாமல் இருந்தது மிகச் சிறிய பகுதிதான். சிரபுஞ்சியையே எடுத்துக்குங்க. உள்ளூர்ப் பெயர் சோரா. வருஷத்துக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 1860 ஆகஸ்ட்டிலிருந்து 1861 ஜூலை வரை 26,461 மில்லிமீட்டர் கொட்டியது இன்றும் உலக சாதனை. அந்த ஊரில் குளிர்காலம் வந்தால் குடத்தோடு அலைகிறார்கள்! மரம் போச்சு, மண் போச்சு, பெய்கிற மழை பாறையில் வழுக்கி வங்கதேசத்துக்குப் போய்விடுகிறது. நாம் ஸ்கூலில் படித்த ‘உலகிலேயே அதிக மழை’ பாடத்தில் இந்தக் குடங்கள் வரவே இல்லை.

கிழக்கே, காஸிகளின் பங்காளிகள் வாழும் ஜெயந்தியா மலைகளில் இன்னும் மோசம். அங்கே பூமிக்கடியில் நிலக்கரி. ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு எலி வளை மாதிரி குடைந்து எடுத்தார்கள். சுரங்கங்களிலிருந்து வழியும் அமிலத் தண்ணீரால் ஆறுகள் செத்தன. லூகா ஆறு குளிர்காலத்தில் பளீர் நீலமாக மாறி மீன்கள் மிதக்கும். போட்டோவில் பார்த்தால் ஸ்க்ரீன்சேவர் மாதிரி இருக்கும், அது விஷம். 2014 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இதற்குத் தடை போட்டது. அப்புறமும் திருட்டுத்தனமாகத் தோண்டினார்கள். 2018 டிசம்பரில் க்ஸான் என்ற இடத்தில் சுரங்கத்துக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்து 15 தொழிலாளிகள் சிக்கிக்கொண்டார்கள். யாரும் உயிரோடு திரும்பவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சுரங்கங்களும் ‘எங்க நிலம், எங்க உரிமை’ என்ற அதே ஏற்பாட்டில் முளைத்தவைதான். மவ்ஃப்ளாங் காட்டைக் காத்த அதே நில உரிமை! நிலமும் அடியில் இருக்கும் நிலக்கரியும் பழங்குடி உரிமையாளர்களுக்கே சொந்தம், ஆனால் தோண்ட முறையான அனுமதி வேண்டும் என்று 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உரிமை யார் கையில் என்பது பாதிக் கேள்விதான். அந்தக் கையில் ‘அடோங்’ இருக்கிறதா என்பது மீதிப் பாதி.

இருந்த ஒரு கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்மேற்கு காஸி மலையில் டோமியாசியாட் என்ற குக்கிராமம். மண்ணுக்கடியில் யுரேனியம். அங்கே பெரும்பகுதி நிலத்துக்குச் சொந்தக்காரர் ஸ்பெலிட்டி லிங்டோ லாங்ரின் என்ற பெண்மணி. நிலத்தை 30 வருஷ குத்தகைக்குக் கேட்டார்கள். 45 கோடி ரூபாய் வரை பேசப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அவர் முடியாது என்றார். பணத்தைக் கொடுத்தால் என் சுதந்திரம் திரும்பக் கிடைக்குமா என்பதுதான் அவர் பக்க நியாயம். காஸி மாணவர் சங்கம் யுரேனியத்துக்கு எதிராக வருஷக்கணக்கில் போராடியது. அந்தப் போராட்டத்தின் முகம், ஒரு மூங்கில் கூடையும் தலையில் போர்வையுமாக இருந்த இந்தப் பாட்டி. 2020 அக்டோபரில், தொண்ணூறு தாண்டிய வயதில் காலமானார். கடவுள் வீட்டில் க்வாய் சாப்பிடுகிறார்.

இந்த இடத்தில் நம்ம ஊரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அய்யனாருக்கும் அம்மனுக்கும் நம்மிடமும் கோயில்காடுகள் இருந்தன, இன்னும் சில இருக்கின்றன. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகிற வழியில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் ஒருமுறை நின்று பாருங்கள், கடற்கரையோரம் ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்று தெரியும். ஆனால் பல ஊர்களில் என்ன ஆயிற்று? வெளியூர் போய்ச் சம்பாதித்த பக்தர் திரும்பி வந்து சாமிக்கு நன்றி செலுத்துகிறார். மரத்தடியில் வெயில் படாமல் உட்கார்ந்திருந்த சாமிக்கு கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, கார் நிறுத்த இடம்! பக்தி கூடியிருக்கிறது. காடுதான் போய்விட்டது.

மவ்ஃப்ளாங்காரர்கள் யோசித்தது வேறு திசையில். புனிதக் காட்டின் கோட்டைச் சுருக்காமல், அதன் பழக்கத்தைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியுமா? 10 ‘ஹிமா’க்கள், அதாவது பழைய காஸி நாடுகள், ஒன்று சேர்ந்தன. 62 கிராமங்கள், சுமார் 27,000 ஹெக்டேர். உமியம் ஆற்றுப் படுகையில் இருக்கும் ஊர்க் காடுகளைக் காப்பாற்றி, அவை பிடித்து வைக்கும் கரியமில வாயுவின் கணக்கை வெளிநாட்டில் விற்கும் திட்டம். 2011 வாக்கில் ஆரம்பித்தது. சமூகமே நடத்தும் இந்த மாதிரித் திட்டங்களில் இந்தியாவில் முதல் வரிசை. வரும் காசில் விறகு குறைவாகத் தின்னும் அடுப்பு, நாற்று, கிராமத்துக்குச் சின்னச் சின்ன உதவிகள். எடுக்கவே கூடாத காட்டிலிருந்து ஆரம்பித்து, அளவாக எடுக்கலாம் என்கிற காடு வரைக்கும் வந்திருக்கிறார்கள். காற்றைக்கூட விலைபோட்டு விற்கிறார்களே என்று முதலில் எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. கொங்கின் கூடையை நினைத்தபோது அந்த முகச்சுளிப்பு போய்விட்டது. நிலக்கரி ரொக்கமாகப் பணம் தரும்போது, வெறுங்கையோடு காட்டைக் காப்பாற்று என்று சொல்ல நாம் யார்?

இந்தத் திட்டத்துக்குப் பெரிய வில்லன் தீ. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை புல் பஞ்சு மாதிரி காய்ந்து கிடக்கும். யாரோ போட்ட பீடித் துண்டு போதும். அதனால் ஊர் இளைஞர்கள் சேர்ந்து காட்டு ஓரமாகப் புல்லைச் செதுக்கி, தீ தாண்டாதபடி வெற்றுத் தரையாக ஒரு பட்டை போடுகிறார்கள். எங்களை வழியனுப்பும்போது கைடுக்கு அந்த வேலைக்குத்தான் போன் வந்தது. நாளைக்கு உங்க பேட்ச் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

“சர்ச் முடிஞ்சதும்” என்றார். “நாலு மணிக்கு ஃபுட்பால் மேட்ச் இருக்கு. அதுக்குள்ள முடிக்கணும்.”

நீங்களும் போவதாக இருந்தால் சில விஷயங்கள். ரோடோடென்ட்ரான் பூ பார்க்க வேண்டும் என்றால் பிப்ரவரி கடைசி, மார்ச். காளானும் பாசியும் பார்க்க வேண்டும் என்றால் மழைக்காலம், ஆனால் அட்டைக்கு ரத்ததானம் செய்யத் தயாராகப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஷில்லாங்கில் பாதிக் கடை மூடியிருக்கும், சுமோவும் குறைவு. காட்டிலிருந்து வெளியே வரும்போது கைடு ஷூவைத் தட்டச் சொல்வார், அடியில் ஒட்டியிருக்கும் இலை உள்ளேயே விழட்டும் என்று. தட்டிவிடுங்கள். டீக்கடை கொங் க்வாய் நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், பாதியாகக் கடித்துப் போட்டால் போதும். ‘குப்லெய்’ என்றால் நன்றி. ருத்ராட்சம் ஐயூடுவில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது குவஹாத்தி ஸ்டேஷன் வாசலில் பேரம் பேசி வாங்கினான் நண்பன். அம்மா இப்போதும் அதைக் காசி ருத்ராட்சம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.